ஒரு வாய் கேசரி

ஏனுங்க, சித்தெ நவுந்துக்கங்க. இந்தத் தூக்குப்போசிய மேல வெச்சா கவுந்துக்கும், மடியிலயே வெச்சுக்கறனுங்க. கேசரிங்க. நெய் எச்சாப் போட்டிருக்குது, சிந்துச்சுன்னா உங்க வேட்டியும் போச்சு என்ற பேண்ட்டும் போச்சு.

காலைல திருப்பூர்ல எங்க பனியன் கம்பெனி கேட்டுக்கிட்ட உங்களைப் பாத்தனுங்க. ஆட்டோவுலருந்து பொட்டி, பாயி, பக்கெட்டுன்னு எறக்கீட்டு இருந்தீங்க. பக்கத்துல பொண்ணு நின்னுது. ஆஸ்டல்ல விட வந்திருக்காருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. பேரு என்னங்க? மேகலாங்களா. நல்ல பேரு. ஊரு? ஒட்டன்சத்திரம் பக்கமா. அப்பச் செரி, நான் தாராபுரத்துல எறங்கி மூலனூர் பஸ் புடிக்கோணும். அது வரைக்கும் பேச்சுத்தொணை ஆச்சு.

மூஞ்சியே செரியில்லீங்களே உங்களுக்கு. பொண்ணை விட்டுட்டு வர்ற எல்லாத் தகப்பனும் இப்படித்தானுங்க. கேட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் சிரிச்சுட்டுக் கையாட்டுவாங்க, ரோட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்து மூஞ்சியத் தொடைப்பாங்க. நீங்க தெம்பா இருங்க. நான் அந்தக் கம்பெனி மேனேஜருதான். சென்னியப்பன்னு பேரு. ஆள் சேக்கறது, லீவு குடுக்கறது, சண்டை சச்சரவு தீக்கறது எல்லாம் என்ற பொறுப்பு. இதை விட உங்களுக்கு நல்ல சகுனம் வேணுமா, சொல்லுங்க.

போனை எதுக்கு எடுக்கறீங்க? பொண்ணுக்கா? எடுக்காதுங்க இப்ப. ஆஸ்டல்ல கால் வெச்சதும் போனை வார்டன் வாங்கி அலமாரியில வெச்சுருவாங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானம் குடுப்பாங்க. அது நான் கொண்டாந்த ஏற்பாடுங்க. முந்தி எல்லாம் புள்ளைக ஒவ்வொரு சின்ன விசயத்துக்கும் ஊட்டுக்குக் கூப்பிட்டு அழுதுரும். பெத்தவங்க அடுத்த பஸ்ஸப் புடிச்சு கேட்டுக்கு வந்து நிப்பாங்க. எத்தனை அலைச்சல் பாருங்க. இப்ப அந்தத் தொந்தரவே இல்லை. உங்க நல்லதுக்குத்தானுங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கங்க. என்ற காலத்துல எங்க கம்பெனியில ஒரு புகார் கூட நின்னதில்லை. வராதான்னா, வரும். அத்தனை பொம்பளைப் புள்ளைக வேலை செய்யற எடத்துல வராம இருக்குமா? வரும். வந்தா அன்னிக்கே முடிஞ்சுரும். அந்த வித்தை எனக்குத்தான் தெரியும். பக்கத்துக் கம்பெனி மேனேஜருக எல்லாம் என்னை வந்து கேப்பாங்க, எப்படி சென்னியப்பண்ணா முடிக்கறீங்கன்னு.

நீங்களும் கேக்கறீங்கன்னே வெச்சுக்குவோம்.

கேசரிங்க. வேற ஒண்ணுமே இல்லை, கேசரி. யாராச்சு புகார்னு வந்தாங்கன்னா நான் எழுதற சோலியே வெச்சுக்க மாட்டேன். கேண்டீன்ல மரகதம்னு ஒரு அம்மா, அதுகிட்ட 'இன்னிக்குக் கேசரி'ன்னு சொல்லீருவேன். சாயங்கால டீ நேரத்துக்குப் புகார் சொன்னவங்களையும் சொல்லப்பட்டவங்களையும் ஒரே பெஞ்சியில எதிரெதிரா உக்கார வெப்பேன். ஆளுக்கு ஒரு தட்டு. மொதல்ல புகார் சொன்னவங்க ஒரு வாய் எடுத்து வெக்கோணும், அப்பறம் மத்தவங்க. கை நனைச்சாச்சா, முடிஞ்சுது. அதுக்கு மேல அந்த விசயத்தை யாரும் பேசக்கூடாது. பேசுனா அது கேசரிக்கு மருவாதி இல்லீங்களே.

கம்பெனி பூராத் தெரியும் இந்த ஏற்பாடு. முந்திரி வறுக்கற வாசம் தையல் செக்சனுக்கு வந்துட்டாப் போதும், புள்ளைக ஒண்ணையொண்ணு பாத்துக்கும். 'இன்னிக்கு ஆருக்கு?'ன்னு கேட்டுக்கும். எனக்குக் கேசரி மேனேஜர்ன்னே பேரு. பாசமுங்க. பாசம் இல்லாம ஆராச்சு பட்டப்பேரு வெப்பாங்களா?

இது நானா யோசிச்சதில்லீங்க. பெரியவர் கத்துக் குடுத்தது. பெரியவர்ங்கறது எங்க பெரிய மொதலாளி, இப்ப இல்லை. நான் சேந்த புதுசு. ஒரு லோடு பொட்டி மாறி வேற லாரியில ஏறிப்போச்சு. நான் ஏத்தலை, ஆனா சின்ன மொதலாளிக்கு யாராச்சு ஒருத்தர் வேணுமில்லீங்களா. பொட்டி ஒட்டற டேப்பு உருளை இருக்கும் பாருங்க, அதைத் தூக்கி மூஞ்சியிலயே அடிச்சுட்டாரு. பேக்கிங் புள்ளைக அத்தனை பேரும் நின்னு பாக்குது. நான் பெரியவர்கிட்டப் போய்ச் சொன்னேன். அவரு என்னையும் மகனையும் ஊட்டுக்குக் கூப்பிட்டு, அம்மாகிட்டச் சொல்லிக் கேசரி கிண்டச் சொன்னாரு. தட்டை என்ற முன்னால வெச்சு, 'சாப்பிடு சென்னியப்பா, சாப்பிட்டுட்டு சோலியப் பாரு'ன்னாரு. சாப்பிட்டேன். அத்தோட செரியாப்போச்சு.

சின்ன மொதலாளி சாப்பிடலீங்க. அவரு முன்னாலயும் தட்டு இருந்துச்சு, போனைப் பாத்துட்டே இருந்தாரு. சுகரெல்லாம் இல்லை அவருக்கு. சும்மா சாப்பிடலை.

ஆனா பாருங்க, எனக்கு அத்தோட மறந்தே போச்சு. இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி யோசிச்சதே இல்லை. அன்னிக்கு மழை பேஞ்சுட்டு இருந்துச்சு. அவரு ஊதாக் கலர்ல கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாரு, மேல் பட்டன் ஒண்ணு இல்லை. கேசரியில ஏலக்காத் தோலு ஒண்ணு கெடந்து பல்லுல மாட்டிக்கிச்சு. மத்தபடி ஒண்ணுமே ஞாபகம் இல்லீங்க. அத்தனை சக்தி அந்தக் கேசரிக்கு.

மடியில இருக்கற இந்தக் கேசரி எங்க போகுதுன்னு கேக்கறீங்களா, கோகிலவாணி ஊட்டுக்குப் போகுதுங்க. எங்க செக்கிங் செக்சன்ல இருந்த புள்ளை. மூலனூர்ல எறங்கி இன்னும் உள்ள போகோணும். தெச்சு வர்ற பீஸை டேபிள்ல விரிச்சு, நூல் தொங்குதா, ஓட்டை இருக்குதா, கறை இருக்குதான்னு பாக்கற வேலை. இந்தப் புள்ளை கையில ஒரு கறை தப்பாது. கொஞ்சம் எச்சாவே பாக்கும், அதான் அதுக்குப் பிரச்சினை.

செக்கிங்குக்கு சூப்பர்வைசர் மோகனசுந்தரம்னு ஒருத்தர். தங்கமான மனுசன். ஷிப்மெண்ட் நாள்ல ஊட்டுக்கே போகமாட்டாரு. என்னன்னா, கை கொஞ்சம் நீளம். தப்பா நெனச்சுக்காதீங்க, பேசறப்பத் தொட்டுப் பேசற பழக்கம். சில பேருக்கு இருக்குமில்லீங்களா. ஆம்பளைகளை அவரு தொட்டு நான் பாத்ததில்லை. அவிய வேற செக்சன்ல இருக்காங்க, அதனாலயா இருக்கும்.

கோகிலா மொதல்ல என்கிட்ட வந்து என்ன சொல்லுச்சுன்னா, 'சார், அவரு பின்னால வந்து ஒட்டி நிக்கறாரு. கழுத்துல மூச்சு படுது'ன்னுச்சு. நான் ஒடனே நடவடிக்கை எடுத்தேன். அன்னிக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்த டேபிளுக்கு நேரா ஒரு ஃபேன் மாட்டச் சொன்னேன். ஃபேன் காத்து வந்தா மூச்சு எப்படிங்க படும்? அந்தப் புள்ளை ஃபேனையும் பாத்துச்சு, என்னையும் பாத்துச்சு. திருப்தி ஆயிருச்சுன்னு நெனச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு மறுக்கா வந்துச்சு. 'சார், அவரு வேணும்னே என்ற டேபிள்கிட்டயே நடந்து வர்றாரு'ன்னுச்சு. நடக்கறதுதான பிரச்சினை, அதையும் தீத்து வெச்சேன். அவரு ரூம் கதவுக்குப் பக்கத்துலயே இந்தப் புள்ளை டேபிளை மாத்திப் போட்டேன். இனி அவரு நடக்கவே வேண்டாமில்லீங்களா. ஒக்காந்த எடத்துலருந்தே பாத்துக்குவாரு.

மூணாவது தடவை வந்தப்ப அழுதுட்டு வந்துச்சுங்க. கூட ரெண்டு புள்ளைக. 'சார், இதுக்குன்னு சட்டப்படி ஒரு குழு இருக்கோணுமாமே, நம்ம கம்பெனியில இருக்குதா'ன்னு கேட்டுச்சு. இல்லாம இருக்குமா? போர்டே இருக்குது. மாடியில, மொதலாளி ரூமுக்கு வெளியில. பித்தளையில எழுத்துப் பதிச்சு, பாக்கவே லட்சணமா இருக்கும். தலைவி சின்ன மொதலாளி சம்சாரம். அவிய கோயமுத்தூர்ல இருக்காங்க, தீவாளிக்கு வருவாங்க. உறுப்பினர் நானு. இன்னொரு உறுப்பினர் மோகனசுந்தரம். பொம்பளைப் புள்ளைகளைப் பத்தி அவருக்குத்தான நல்லாத் தெரியும்னு நாந்தான் பேரைக் குடுத்தேன். போட்டோ எடுத்து, சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையருக்கெல்லாம் அனுப்பீருக்கறோம். மாடிக்கு லேபர் யாரும் வரக்கூடாதுங்கறதால அந்தப் புள்ளைகளுக்குத் தெரியாமப் போச்சு.

'குழு இருக்குதும்மா, நீ சொன்னது குழு காதுக்கு வந்துருச்சு'ன்னு சொல்லீட்டு, மரகதத்துகிட்ட கேசரிக்குச் சொன்னேன். மரகதம் 'ஆருக்குங்க சார்?'ன்னா. சொன்னேன். அவ அடுப்பையே பாத்துட்டு நின்னா. 'ரவை இல்லீங்களே'ன்னா. அவளுக்குப் பின்னாலயே ரவை மூட்டை சாஞ்சு நிக்குது. 'அதென்ன?'ன்னேன். 'அது கேசரிக்கு ஆகாதுங்க'ன்னா. நான் சத்தம் போட்டதுக்கு அப்பறந்தான் வாணாச் சட்டியவே எடுத்தா. வயசாயிட்டா பொம்பளைகளுக்கு ரவை கூட அடையாளம் தெரியறதில்லை.

சாயங்காலம் டீ நேரம். கேண்டீன் நெறைய ஆளு. பெஞ்சியில இந்தப் பக்கம் கோகிலா, அந்தப் பக்கம் மோகனசுந்தரம். நடுவுல நானு. அவரு குளிச்ச மாதர பவுடரெல்லாம் போட்டுட்டு வந்து ஒக்காந்தாரு. ரெண்டு தட்டையும் நானே வெச்சேன். 'எடுத்துக்கம்மா, ஒரு வாய்'ன்னேன்.

'பசிக்கலீங்க சார்'ன்னுச்சு.

'பசிக்கில்லம்மா, இது சமாதானத்துக்கு.'

'சார், அவரு என்ன பண்ணுனாருன்னு நீங்க இன்னும் என்னைக் கேக்கவே இல்லீங்க.'

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. அத்தனை பேருக்கு முன்னால அப்படியா கேக்கறது? 'அதெல்லாம் எதுக்கு சாமி, ஒரு பொம்பளைப் புள்ளை வாயில வரவெச்சுக்கிட்டு'ன்னு நயமாத்தான் சொன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா? 'என்னைக் கேளுங்க. அவரைக் கேளுங்க. பாத்த புள்ளைக இருக்குது, அதுகளையும் கேளுங்க. கேட்டு முடிக்கற வரைக்கும் அவரை வேற செக்சனுக்கு மாத்துங்க. அப்பறம் என்ன முடிவோ பண்ணுங்க. கேக்காமயே எதுக்கு சார் இனிப்பு வெக்கறீங்க?'ன்னுச்சு. நீங்களே சொல்லுங்க, ஒரு விசயத்தை முடிக்கறதுக்கு இத்தனை பேரைக் கேக்கோணுமாங்க? கேட்டா அது வளரும். நம்ம சோலி முடிக்கறது.

'நீங்க கேக்கலீன்னா நானே சொல்றேன்'னு எந்திரிச்சு நின்னுருச்சு. நின்னு, கேண்டீன் பூரா கேக்கற மாதர சத்தமாச் சொல்ல ஆரம்பிச்சுது. நான் மரகதத்தைப் பாத்து, 'மிக்சியப் போடு, சட்னிக்கு அரைக்கோணுமில்ல'ன்னேன். 'கரண்டு இல்லீங்க சார்'ன்னா. தலைக்கு மேல ஃபேன் ஓடீட்டு இருக்குது.

அந்தப் புள்ளை எல்லாத்தையும் சொல்லுச்சுங்க. என்னைக்கு, எங்க, எப்படின்னு. என்ன சொல்லுச்சுன்னு நான் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். பொண்ணைப் பெத்தவர் நீங்க.

சொல்லி முடிச்சுட்டு ஒக்காரலை. தட்டைத் தொடக்கூட இல்லை. வெளிய போயிருச்சு. மோகனசுந்தரம் அவரு கேசரிய ஒரு பருக்கை விடாம சாப்பிட்டாரு. அந்தப் புள்ளை தட்டையும் இழுத்து வெச்சுச் சாப்பிட்டாரு. அத்தனை பேரு பாத்துட்டு இருக்கறப்ப இப்படிச் சாப்பிடறாருன்னா, மனசுல தப்பு இல்லாத ஆளுன்னுதான நெனப்பீங்க? நான் அப்படித்தான் நெனச்சேன்.

மக்யா நாள் விடிஞ்சதுமே அந்தப் புள்ளைக்கு மெமோ குடுத்தோம். புகார் சொன்னதுக்கு இல்லீங்க, அப்படியெல்லாம் செய்யமாட்டோம். கேண்டீன் பண்டத்தை அவமதிச்சதுக்கு. அதோட அதுக்கு ஓய்வு வேணும்னு தெரிஞ்சுது, ஊருக்குத் தாட்டி உட்டோம். எப்ப வரலாம்னு நாங்களே கூப்பிட்டுச் சொல்றோம்னு சொன்னோம். நல்ல மனசோடதான் செஞ்சோம்.

அது போனதுக்கு அப்பறம் செக்கிங்ல புள்ளைக மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு. சிரிப்பில்லை, பேச்சில்லை. சின்ன மொதலாளி என்னைக் கூப்பிட்டு, 'சென்னியப்பா, ஏதாச்சு பண்ணு'ன்னாரு. எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. ஒருத்தருக்குப் பத்தலீன்னா ஊருக்கே போட்டுறலாம். சனிக்கெழமை சாயங்காலம் மொத்த ஷிஃப்ட்டுக்கும் கேசரி. முந்திரி, திராட்சை எல்லாம் போட்டு. மரகதம் லீவு சொல்லீட்டா, வெளியிலருந்து சமையக்காரங்களைக் கூப்பிட்டேன்.

புள்ளைக வரிசையா வந்துது. ஒண்ணு கூட வேண்டாம்னு சொல்லலை. கையில தட்டை வாங்கிக்கிச்சு, 'தேங்க்ஸ் சார்'னுச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சுபோச்சு. பொறகுதான் பாத்தேன், வாங்கின தட்டோட எல்லாம் வெளிய போகுது. நேராப் போயி செக்கிங் செக்சன்ல மோகனசுந்தரம் டேபிள்ல வெச்சுதுக. டேபிள் நெறைஞ்சு, நாற்காலியில வெச்சுதுக. நாற்காலி நெறைஞ்சு, ரூம் பூராத் தரையில வெச்சுதுக. சத்தமே இல்லை. கோயில்ல வெளக்கு வெக்கற மாதர ஒவ்வொண்ணா வெச்சுட்டு ஆஸ்டலுக்குப் போயிருச்சுக.

மோகனசுந்தரம் அன்னிக்கு முன்னாடியே கெளம்பீட்டாரு. அடுத்த நாள் ஞாயித்துக்கெழமை, லீவு. யாரும் எடுக்கலை. நானும் எடுக்கலீங்க. அத்தனை தட்டுக்கு நடுவுல கால் வெக்க எடம் இல்லை. அதுவும் போக, எதுக்கோ எனக்கு அந்த ரூமுக்குள்ள போகப் புடிக்கலை.

திங்கக்கெழமை காலைல தொறந்தா எறும்பு. அந்த ரூமுக்குப் பக்கத்துலதான் பேக் பண்ணுன பொட்டிக அடுக்கியிருந்துது. கொழந்தைக சட்டைங்க, சுத்த வெள்ளை. அவசரமா ஏரோப்பிளேன்ல போக வேண்டிய சரக்கு. மேலாகத் தட்டிவிட்டு ஏத்தி அனுப்பிச்சுட்டோம். அங்க போயி அந்த நாட்டுக்காரங்க பொட்டியத் தொறந்திருக்காங்க. சட்டைக்குள்ளருந்து எறும்பு சாரசாரியா வந்திருக்குது. ஒரு சட்டையில நெய்க் கறை, முந்திரி ஒட்டீட்டு இருந்துச்சாம். நான் இன்னும் ஏரோப்பிளேன் ஏறுனதில்லீங்க. எங்க கேண்டீன் எறும்பு ஏறீருச்சு.

பையரோட மெட்ராஸ் ஆபீசுலருந்து ஒரு அம்மா வந்தாங்க. மொதல்ல எறும்பைப் பத்தித்தான் கேக்க வந்தாங்க. 'துணி பேக் பண்ற எடத்துல இனிப்பு எதுக்கு வந்துச்சு'ன்னாங்க. 'சமாதானத்துக்குங்க'ன்னேன். அவிய நேரா புள்ளைககிட்டப் போயிட்டாங்க. 'இங்க ஒரு பிரச்சினைன்னா நீங்க என்னம்மா பண்ணுவீங்க'ன்னு கேட்டிருக்காங்க. 'கேசரி சாப்பிடுவோமுங்க'ன்னு சொல்லீருக்குதுக. அந்தம்மாவுக்கு அர்த்தமாகலை. மூணு பேரைக் கேட்டாங்க, மூணு பேரும் அதையே சொல்லீருக்குது. அப்பறம் மரகதம் அவியளை உள்ள கூட்டீட்டுப் போயி கதவைச் சாத்தீட்டு விவரமாச் சொல்லீட்டா. வெளிய வந்தப்ப அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்குதே, டேப்பு உருளையே தேவலைங்க.

அட, அது இப்ப எதுக்கு ஞாபகம் வந்துச்சு?

விசயம் இதுதானுங்க. வெள்ளிக்கெழமை அந்தம்மா மறுக்கா வர்றாங்க. கோகிலவாணியை நேர்ல பாக்கோணுமாம். சின்ன மொதலாளி என்னைக் கூப்பிட்டு, 'வெள்ளிக்கெழமை அந்தப் புள்ளை டேபிள்ல நிக்கோணும். இல்லீன்னா நீ இங்க நிக்க வேண்டாம்'னுட்டாரு. இத்தனை வருசம் இருந்த ஆளைப் பாத்து. நான் எங்க போயிச் சொல்றது? புகார்னா எங்க கம்பெனியில எல்லாம் என்கிட்டத்தான வரோணும்.

அதான் கெளம்பீட்டேன். மரகதம் கிண்ட மாட்டேன்னுட்டா. எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அவ ரவைய வறுத்துட்டே, 'அந்தப் புள்ளை உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?'ன்னா. 'விசாரிக்கச் சொல்லிக் கேட்டுச்சு'ன்னேன். 'கேசரி கேட்டுச்சா?'ன்னா. 'இல்லை'ன்னேன். அப்பறம் நெய்ய ஊத்து ஊத்துன்னு ஊத்தீருக்கறா. கோவத்துல ஊத்துனாளா, பாசத்துல ஊத்துனாளான்னு எனக்கு இன்னும் வெளங்கலை.

என்னங்க, வேர்க்குதா உங்களுக்கு? ஜன்னலை நல்லாத் தள்ளி விடுங்க. அவினாசிபாளையம் தாண்டீருச்சு, இனிக் காத்து வரும்.

மோகனசுந்தரமா? இருக்காருங்க. அவரு இல்லீன்னா செக்கிங் எப்படி நடக்கும்? அவரு மேல தப்புன்னு யாரும் விசாரிச்சு நிரூபிக்கலையே. விசாரிக்கவே இல்லையேங்கறீங்களா? அதுவும் வாஸ்தவந்தான்.

நீங்க அவரைப் பாத்திருக்கறீங்களே. காலைல உங்க பொண்ணு பொட்டியத் தூக்கீட்டு உள்ள போனாரே, வெள்ளைச் சட்டை, நெத்தியில சந்தனம், அவருதான். புதுசா வர்ற புள்ளைகளுக்கு எல்லாம் அவரேதான் வந்து பொட்டி தூக்குவாரு. 'என்ற பொண்ணு மாதர பாத்துக்கறேன்'னு உங்ககிட்டக் கூடச் சொன்னாரில்லீங்க? எல்லாத் தகப்பனுககிட்டயும் சொல்லுவாரு. நீங்க அவரு கையப் புடிச்சுக் கும்பிட்டீங்க, நான் மாடியிலருந்து பாத்தேன். எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு.

மேகலாவுக்கு எந்த செக்சன்னா கேக்கறீங்க? செக்கிங்தானுங்க. நான் போட்டதுதான். கோகிலா டேபிள் அது வர்ற வரைக்கும் சும்மாத்தான கெடக்குது, சூப்பர்வைசர் ரூம் கதவுக்குப் பக்கத்துலயே. நல்ல எடமுங்க. ஃபேன் எல்லாம் இருக்குது.

பயப்படாதீங்க. அப்படி ஏதாச்சு ஒண்ணுன்னா நான் இருக்கறேனில்ல. வெள்ளிக்கெழமை வரைக்குமாச்சு இருப்பேன். அன்னிக்கே முடிச்சு வெச்சுருவேன்.

ஏனுங்க மறுக்கா போனை எடுக்கறீங்க? காலைலருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, அதான் மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது. இருங்க, இந்த மூடியில கொஞ்சம் வெக்கறேன். கோகிலாவுக்கு இது போக நெறைய இருக்குது. எடுத்துக்கங்க. ஒரு வாய். ஒரே ஒரு வாய் வெச்சுக்கங்க, மனசு லேசாயிரும், நான் கண்டதுதான் சொல்றேன். முந்திரி இருக்குது பாருங்க. என்னங்க, கையையே நீட்ட மாட்டேங்கறீங்க.

எதுக்குங்க எந்திரிக்கறீங்க? இது குண்டடமுங்க, உங்க ஊருக்கு இன்னும் எத்தனையோ தூரம் இருக்குதே. கண்டக்டர், சித்தெ நிறுத்துங்க, அவரு ஏதோ அவசரமா எறங்கறாரு. தண்ணி குடிக்கவா இருக்கும். பாத்துங்க, படியில பாத்து! ஏனுங்க, அந்தப் பக்கம் போகாதீங்க! ரோட்டைத் தாண்டாதீங்க! அங்க நிக்கறது திருப்பூர் போற பஸ்ஸுங்க! ஏனுங்க!

ஏறீட்டாருங்க. ஓடிப்போய் ஏறீட்டாரு. துண்டு கூட விழுந்துருச்சு, எடுக்கலை.

வண்டிய எடுங்க கண்டக்டர், அவரு வரமாட்டாரு. எனக்குத் தெரிஞ்ச ஆளா? இல்லீங்க. பேரு கூடக் கேக்கலை நான். பொண்ணு பேருதான் கேட்டேன்.

பாருங்க, மூடியில வெச்சது வெச்சபடியே இருக்குது. அந்தப் புள்ளையும் இதே மாதரதான் எந்திரிச்சுப் போச்சு. இந்தாங்க கண்டக்டர், நீங்க ஒரு வாய்? வேண்டாமா. டிக்கெட் போடறப்பக் கை பிசுபிசுங்குமா. அதுவும் செரிதான்.

வீணாக்கக் கூடாதுங்க. நானே சாப்பிட்டுக்கறேன். எனக்குப் பழக்கந்தான்.